இரண்டு மாத்திரை குறைந்த புட்டி

டெல்சி ராட்லிஃப் என் பெரியம்மா மகள். எங்கள் ஓடைக்கரையில் அவள் வீட்டுச் சாமான் இல்லாத வீடு கிடையாது. பெரிய இரும்புச் சட்டி ஒரு வீட்டில் இருக்கும், பீன்ஸ் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிகள் இன்னொரு வீட்டில் இருக்கும். அவள் புருஷன் ஆர்லிஸின் மரம் அறுக்கும் மெஷின் அவன் செத்த பிறகும் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. யாராவது கதவைத் தட்டி ஒரு கப் சர்க்கரை இருக்குமா என்றால், எதற்கு என்று கேட்க மாட்டாள். எப்போது திருப்பித் தருவாய் என்றும் கேட்க மாட்டாள். அப்படிக் கேட்பவளை எங்கள் பக்கத்தில் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம், அவள் பேர் கெட்டது இந்தக் குணத்தால்தான்.

ஆர்லிஸ் கீழ் ஓடை ராட்லிஃப் குடும்பம். அவர்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஆர்லிஸ், நடுவில் நோலா, கடைக்குட்டி வென்டல். சுரங்கத்தின் கூரை சரிந்து அப்பன் போனபோது வென்டல் தவழ்கிற பிள்ளை. அவனைத் தோளில் போட்டு வளர்த்தவன் ஆர்லிஸ். டெல்சி மருமகளாக வந்த பிறகு சோறு போட்டவள் அவள். நோலா இப்போது இல்லை. அவள் மகள் டானெட் டவுனில் வலிக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் நர்ஸ். ஆக டெல்சி அவளுக்கு அத்தை, வென்டல் தாய்மாமன்.

டெல்சி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அவள் கையால் பீன்ஸும் சோளரொட்டியும் தின்று வளர்ந்தவர்கள். ஒருநாள் பால் கிரேட்டைத் தூக்கிக்கொண்டு ஈரத்தரையில் நடந்தவள் மல்லாக்க விழுந்தாள். முதுகெலும்பு பிசகியது. வேலை போனது, வலி போகவில்லை. அந்த வருஷங்களில் டாக்டர்கள் அபின் வகை வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். சுரங்கத்தில் முதுகு ஒடிந்த ஆர்லிஸுக்கும் அதே மாத்திரைதான். எங்கள் மேற்கு வர்ஜீனியாவில் எந்தச் சமையலறை அலமாரியைத் திறந்தாலும் உப்புக்குப் பக்கத்தில் அந்தப் புட்டி இருந்தது. பல்வலியா, இடுப்புப் பிடிப்பா, பக்கத்து வீட்டுக்கு ஓடினால் ஒன்று கிடைக்கும். சர்க்கரை மாதிரி, முட்டை மாதிரி.

பிறகு பிணங்கள் விழுந்தன. எங்கள் சின்னச் சபையில் ஒரு வருஷம் வாலிபர் சவ அடக்கங்களாகவே வந்தன. அவற்றில் ஒன்று வென்டலின் ஒரே பையன் டஸ்டினுடையது. பந்து விளையாடித் தோளைப் பிசக்கிக்கொண்டவன் மாத்திரையில் ஆரம்பித்தான். அது கிடைக்காதபோது போதை ஊசிக்குப் போனான். வென்டல் அவனை ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையிலிருந்து தூக்கி வந்தான். சபையில் பாட்டைத் தொடங்கி நடத்துகிறவன் வென்டல்தான். ஆறு மாதம் அவன் குரல் எழும்பவில்லை.

ஊர் ஊராக இப்படி ஆனதும் மாநில அரசு விழித்துக்கொண்டது. மாத்திரைக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டது. புதுச் சட்டம் கொண்டுவருவதற்கு முன்னால் தலைநகரத்துச் சட்டசபை ஆட்கள் நாலு பேர் எங்கள் கோர்ட்டுக்கே வந்து, ஜனங்கள் சொல்வதைக் கேட்டார்கள். நானும் டெல்சியும் மூன்றாவது பெஞ்சில் இருந்தோம். வென்டல் எழுந்து பேசினான். எல்லார் முன்னாலும் அழாமல் பேசினான்.

வந்தவர்களில் ஒரு பெண்மணி கேட்டார். "விக்கிறவன் வேற, சொந்தக்காரனுக்கு வலிக்குதேன்னு ஒண்ணு எடுத்துக் குடுக்கிறவன் வேற இல்லையா, சார்? ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கணுமா?"

"ஒண்ணுதாம்மா," என்றான் வென்டல். "என் பையனுக்கு மொத மாத்திரைய யாரும் விக்கல. தோள் வலிக்குதுன்னு சொந்தக்காரர் ஒருத்தர் சும்மா குடுத்தாரு. பாசத்துலதான் குடுத்தாரு. அந்தப் பாசத்துக்குன்னு நீங்க ஒரு சந்து விட்டீங்கன்னா, எல்லாம் அந்தச் சந்து வழியாத்தான் வரும்."

அந்தச் சொந்தக்காரர் ஆர்லிஸ் என்பது ஓடை முழுக்கத் தெரியும். வென்டல் பேரைச் சொல்லவில்லை. டெல்சி தன் கைப்பையின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்து கிடந்ததை நான் பார்த்தேன். வெளியே வந்ததும், "தப்பா ஒண்ணும் சொல்லல அவன்," என்றாள். அவ்வளவுதான்.

சட்டம் வந்தது. வேண்டாத சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன், சவப்பெட்டிகளைப் பார்த்தவள் நான். அதற்குப் பிறகு ஒரே டாக்டர், ஒரே மருந்துக்கடை. கிளினிக்கில் கையெழுத்துப் போட வேண்டும், கேட்கும்போது கிண்ணத்தில் சிறுநீர் கொடுக்க வேண்டும். அவர்கள் திடீரென்று போன் பண்ணிக் கூப்பிட்டால் மறுநாளே புட்டியோடு போய் நிற்க வேண்டும், மிச்ச மாத்திரை கணக்குக்குச் சரியாக இருக்க வேண்டும். யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் விற்ற மாதிரிதான், அதோடு மருந்து நின்றுபோகும். டெல்சி தன் மாத்திரையை ஆர்லிஸ் சுரங்கத்துக்குச் சோறு கொண்டுபோன தகர வாளியில் வைத்துப் பூட்டி, ஃபிரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டாள். அந்த மாத்திரை இருந்ததால்தான் அவளால் நிமிர்ந்து அடுப்படியில் நிற்க முடிந்தது, சபைக்கு நடக்க முடிந்தது.

கம்பெனிகளிடம் வாங்கிய அபராதத்தில் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு வந்தது. அதை என்ன செய்வது என்று முடிவு பண்ணும் கமிட்டியில் வென்டலைப் போட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று எல்லாருக்கும் அவன் மேல் மரியாதை. ஷெரிஃபின் போலீசுக்கு இரண்டு புது வண்டி வந்தது. பல் டாக்டர் ஒருவரைக் கொண்டுவரலாம் என்று யாரோ சொன்னார்களாம், அடுத்த தடவை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். மலைக்கு இந்தப் பக்கம் பல் டாக்டர் கிடையாது.

அந்தப் பனிக்காலத்தில் வென்டலுக்குக் கடைவாய்ப் பல் சீழ் வைத்தது. மலைக்கு அந்தப் பக்கத்து டாக்டர் மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் அவன் டெல்சி வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டினான். இது பிறகு டெல்சியே என்னிடம் சொன்னது.

"சும்மா வந்தேன், அண்ணி."

"சும்மா வர்ற மூஞ்சியா இது? ஒரு பக்கம் பூசணிக்கா மாதிரி இருக்கு."

"உப்புத்தண்ணி கொப்புளிச்சுப் பாத்தேன். கிராம்பு வச்சுப் பாத்தேன். விஸ்கிகூட வாயில ஊத்திப் பாத்துட்டேன்."

"சபையில பாட்டு எடுத்துக் குடுக்கிற வாயிலயா?"

"முழுங்கல, அண்ணி. துப்பிட்டேன்."

"பாதியத் துப்பியிருப்ப."

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஃபிரிட்ஜ் மேலிருந்த வாளியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். மறுபடியும் வாளியைப் பார்த்தான்.

"வேணாம்னு நீயே சொல்லிரு, வென்டல்," என்றாள் டெல்சி.

அவன் வீங்கிய கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வலியா, வேறு எதுவோ. அவள் ஸ்டூல் போட்டு ஏறி வாளியை இறக்கினாள். இரண்டு மாத்திரையை மெழுகுக் காகிதத்தில் சுற்றி அவன் சட்டைப் பையில் போட்டாள். கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவள் கேட்காதவனுக்கு எப்படிச் சொல்வாள்?

பனி உருகுகிற சமயத்தில் கிளினிக்கிலிருந்து போன் வந்தது, நாளைக்குப் புட்டியோடு வாங்க என்று. டெல்சி அன்று மத்தியானமே மேல் வீட்டு ஐசியிடம் போனாள். ஐசிக்கு எலும்பில் புற்றுநோய். அவளுக்கும் அதே மாத்திரை, வேறு மருந்துக்கடையிலிருந்து.

"ரெண்டுதானே? எடுத்துக்கோடி," என்றாள் ஐசி. "முட்டை கேட்டு வந்தவ மாதிரி ஏன் வாசல்லயே நிக்கிற?"

"முட்டைன்னா நிக்க மாட்டேன்," என்றாள் டெல்சி.

மறுநாள் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். குனிந்து நிமிர ஆள் வேண்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். டானெட் நீலத் தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, சின்னத் தகட்டால் தள்ளித் தள்ளி எண்ணினாள். "அத்தை, நீங்க வச்ச ஆப்பிள் ஜாமை ஒரே வாரத்துல தீத்துட்டாங்க எங்க வீட்டுல," என்று பேசிக்கொண்டே எண்ணியவள் நிறுத்தினாள். இரண்டு மாத்திரையைத் தனியே ஒதுக்கினாள்.

"அத்தை, இது ரெண்டும் உங்களோடது இல்லையே."

"வெள்ளையாத்தானம்மா இருக்கு."

"வெள்ளைதான், நீட்டுதான். மேல பொறிச்சிருக்கிற எழுத்து வேற. கம்பெனி வேற, அத்தை. இது உங்க புட்டியில இருந்தது இல்ல."

டானெட் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"குறைஞ்சிருக்குன்னு வந்து சொல்லியிருந்தா ஒரு எச்சரிக்கையோட போயிருக்கும். இப்படிக் கொண்டுவந்து போட்டா வித்துட்டு மறைக்கிறீங்கன்னுதான் பாப்பாங்க. ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?"

"குறையோட எப்படிம்மா வந்து நிக்கிறது?" என்றாள் டெல்சி. "வாங்குன கப்ப நிறைச்சுத்தானே குடுப்போம்."

டானெட் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளும் எங்கள் ஓடையில் வளர்ந்தவள்தான், புரியாமல் இல்லை. ஆனால் அவள் சொல்லாமல் விட்டால் அவள் வேலை போகும். டாக்டர் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. "யாருக்குக் குடுத்தீங்கன்னு சொல்லுங்கம்மா, அந்த ஆளே வந்து ஒத்துக்கிட்டா நான் விஷயத்த வேற மாதிரி யோசிக்கலாம்," என்றார். டெல்சி வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டும் யாருடையது என்றார். அதற்கும் திறக்கவில்லை. ஒரு மாதத்துக்குக் குறைத்துக் குறைத்துத் தருகிறோம், அதோடு சரி என்று சொல்லிவிட்டார்.

வெளியே காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அந்த அறையில் பாதிப் பேர் டெல்சியிடம் சோறு வாங்கித் தின்ற பிள்ளைகள். எல்லாரும் சட்டென்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள்.

காரில்தான் வென்டல் பேரைச் சொன்னாள். நான் கொதித்துப் போனேன்.

"அவன் பேரச் சொல்றதுக்கு என்னக்கா? உன் மருந்து இல்ல போகுது?"

"அன்னிக்கு கோர்ட்டுல அவன் ஆர்லிஸ் பேரச் சொன்னானா? பெத்த பிள்ளைய வாரிக் குடுத்துட்டு நிக்கிறவன், அப்பயும் சொல்லல. நான் அவன் பேரச் சொல்லுவேனா, ரீபா? நீயும் சொல்லக் கூடாது."

"அவனா வந்து சொல்லட்டுமே."

"சொன்னா சொல்லட்டும். நான் கேக்க மாட்டேன்."

அவன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் வேண்டுதல் கேட்கும் நேரம் வந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத பாரம் உள்ளவர்கள் எங்கள் சபையில் கையை மட்டும் தூக்குவார்கள், போதகர் காரணம் கேட்காமல் ஜெபிப்பார். வென்டல் கை தூக்கினான். "பிரதர் வென்டலின் சொல்லாத வேண்டுதல்," என்றார் போதகர். நாலு பேர் திரும்பி அவனைப் பரிவாகப் பார்த்தார்கள், டஸ்டினை நினைத்து அழுகிறான் என்று. அடுத்த வாரமும் தூக்கினான். அதற்கு அடுத்த வாரம் டெல்சியால் சபைக்கு வர முடியவில்லை.

மருந்து நின்ற பிறகு அவள் பட்ட பாட்டை எழுத எனக்குக் கை வரவில்லை. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படுக்கையில் புரள்வாள். அது அடங்கியதும் பழைய வலி முழுசாகத் திரும்பி வந்தது. முதுகு கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. இதையெல்லாம் அவள் தாங்கினாள். அவளை உள்ளுக்குள் ஒடித்தது வேறு. மாத்திரை விற்றவள் என்று ஊரில் பேச்சாகி, அவள் வீட்டுக்கு யாரும் எதுவும் கேட்டு வரவில்லை. இரும்புச் சட்டி திரும்பி வந்தது, தேய்த்துக் கழுவி, வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விட்டார்கள். ஜாடிகள் ஒரு பெட்டியில் வந்தன. மரம் அறுக்கும் மெஷின்கூட வந்தது. சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்து சேரச் சேர அவள் சுருங்கிப் போனாள். ஐசி மட்டும் மேலேயிருந்து வருவாள். அவளாலும் அதிகம் நடக்க முடியாது.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. டெல்சி முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "யாரோ எதுக்கோ வந்திருக்காங்க, பாரு," என்றாள். திறந்தேன். எலும்பும் தோலுமாக ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"டெல்சி ஆன்ட்டி இருக்காங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். உள்ளே எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, உங்ககிட்ட கிடைக்கும்னு சொன்னாங்க. காசு கொண்டாந்திருக்கேன்," என்றாள்.

டெல்சி அவளையே பார்த்தாள். "நீ ஸ்கூல்ல ரெண்டாவது தடவ பீச் பழம் கேட்டு வருவியே, அந்தப் பொண்ணுதானே?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா, ஆன்ட்டி."

"என்கிட்ட அது இல்லம்மா. பீன்ஸ் இருக்கு. ஒக்காந்து சாப்பிட்டுப் போ."

அவள் உட்காரவில்லை. ஓடைப் பாலத்தைத் தாண்டி அவள் போகும்போது எதிரே வென்டல் தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் விறகுக் கோடாரி. அவள் எங்கிருந்து வருகிறாள், எதற்கு வந்தாள் என்று அவனுக்கு ஒருவர் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் எந்த வாசலுக்குப் போவார்கள் என்று டஸ்டினைத் தேடித் தேடித் தெரிந்துகொண்டவன் அவன். தன்னை வளர்த்தவளின் வாசல் இப்போது அப்படி ஆகிவிட்டது. டெல்சியும் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். திரையை இழுத்து மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நடந்ததை டானெட் வந்து சொன்னாள். வென்டல் கிளினிக்குக்குப் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டர் அறைக்குள் வாருங்கள் என்றும் கேட்காமல், காத்திருந்தவர்கள் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறான்.

"எங்க அண்ணி விக்கல, டாக்டர். அந்த ரெண்டையும் முழுங்கினவன் நான்தான். நான்தான் போய் ஒக்காந்தேன்."

டாக்டர் டெல்சியின் ஏட்டை எடுத்துப் புரட்டினாராம். "இதுல வித்தாங்கன்னு எழுதியிருக்கிறத எடுத்துடறேன். ஆனா குடுத்தாங்கன்னு இப்ப உறுதியாயிடுச்சே. சொந்தக்காரருக்குக் குடுத்தாலும் குடுத்ததுதான். விலக்கு இருந்தா நான் செய்வேன், சார். அன்னிக்கே தேடிப் பாத்துட்டேன், விதியில விலக்கு இல்ல."

"தெரியும்," என்றானாம் வென்டல். "விலக்கு வேணாம்னு கேட்டவனே நான்தான்."

டானெட் இதைச் சொல்லி முடித்ததும், "மாமா அங்கயே ஒரு நாற்காலியில ஒக்காந்துட்டாரு, அத்தை. சாத்துற நேரம் வரைக்கும் எந்திரிக்கல," என்றாள். டெல்சி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இனி ஊருக்கு ரெண்டு பேரப் பத்திப் பேச இருக்கு," என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. கமிட்டியிலிருந்து வென்டலை எடுத்துவிட்டார்கள். பாட்டை வேறு ஒருவன் எடுத்துக் கொடுத்தான், சுருதி சேரவில்லை.

அந்தச் சனிக்கிழமை பாலத்தில் நாலைந்து ஆண்கள் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். நான் டெல்சி வீட்டு அடுப்படி மேஜையருகே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். வென்டல் பாலத்தில் அத்தனை பேர் பார்க்க நடந்து வந்தான். கையில் ஒரு காலி கப். வலைக்கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

"அண்ணி, ஒரு கப் சோளமாவு இருக்குமா?"

ரொட்டி சுடத் தெரியாதவன் அவன். வீட்டில் மூட்டை மாவு இருக்கும். டெல்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பாலத்தில் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தவர்களுக்கும் தெரியும்.

நான் எழுந்தேன். "ஒக்காரு, ரீபா," என்றாள் டெல்சி. "கேட்டது என்கிட்ட."

கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்து, மேஜை விளிம்பைப் பிடித்து, அடுப்பைப் பிடித்து வந்தாள். மாவு டப்பா கீழ்த்தட்டில் இருந்தது. குனிய ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கதவு கிரீச்சிடுவது மாதிரி. வென்டல் கதவுப் பிடியில் கை வைத்தான்.

"அங்கயே நில்லு," என்றாள்.

அவன் நின்றான். அவள் குனிந்து, டப்பாவை இழுத்து, மூச்சு வாங்கி, நிமிர்ந்து அவன் கப்பை வாங்கி அள்ளும் வரைக்கும், வலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். தலை குனிந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அவன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். அவள் விளிம்புக்கு மேல் குவியும்படி நிறைத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மேலே குவிந்திருந்த மாவு நிலைப்படியில் கொட்டியது.

வாழ்க்கையில் ஒருவரிடமும் கேட்காததை அன்று டெல்சி அவனிடம் கேட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"எப்பத் திருப்பிக் குடுப்ப, வென்டல்?"

அவன் கப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி, பாலத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட, வெயிலில் வீட்டுக்கு நடந்தான். டெல்சி அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுக்கைக்குத் திரும்பிப் போக அவளுக்கு என் கை தேவைப்பட்டது.